தெல்லிப்பழை விறாந்தையும் டென்மார்க் கதிரையும்

வீட்டுக்குள் இருந்த வரலாறு: அத்தியாயம் 12

பெட்டகம், கட்டில், வாங்கு என்று வந்த இந்தத் தொடரில் கதிரையை இத்தனை பிந்தி எடுப்பதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்து வீட்டுக்குள் பிந்தி வந்து, வந்த வேகத்தில் விறாந்தையின் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்ட பொருள் அது. அதற்கு முன்னர் திண்ணை இருந்தது, பாய் இருந்தது, வந்தவருக்குத் தட்டிப் போடத் தடுக்கு இருந்தது. சாய்ந்திருக்க வேண்டுமென்றால் தூண் இருந்தது.

இந்த அத்தியாயத்தில் டென்மார்க் அடிக்கடி வரும். தெல்லிப்பழையைச் சுற்றி எழுதுகிற ஆளுக்குக் கோப்பன்ஹேகனில் என்ன வேலை என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உலகம் கொண்டாடிய டேனிஷ் மரக் கதிரையையும் நம் விறாந்தையில் கிடந்த சாய்மனைக் கதிரையையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான், நம்முடையதில் என்ன இருந்தது, என்ன இல்லாமற் போனது என்பது பிடிபடும்.

1619 இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனியர் தரங்கம்பாடியில் காலூன்றினார்கள். யாழ்ப்பாணத்தை மீட்கப் படை அனுப்பியவரும் அதே நாயக்கர்தான். 1845 இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போகும்வரை டேனியர் அந்தக் கரையில் இருந்தார்கள். கடலுக்கு இந்தப் பக்கம் அவர்களுக்கு இடம் அமையவில்லை. இங்கே கதிரை போர்த்துக்கேயரோடு வந்தது, 1658 இல் வந்த ஒல்லாந்தர் காலத்தில் பெருகியது.

ஒல்லாந்தர் காலத்துக் கதிரைகளைக் கொழும்புத் தேசிய நூதனசாலையில் பார்க்கலாம். கருங்காலி, முதிரை, பலா என்று இந்நாட்டு மரம். வட்டமான இருக்கையும் ஆறு காலும் கொண்ட பர்கோமாஸ்டர் கதிரை அவற்றில் பேர்போனது. இருக்கை பிரம்புப் பின்னல். பிரம்பு பின்னிய கதிரை ஐரோப்பாவுக்குப் போனதே பதினேழாம் நூற்றாண்டில், கீழைத்தேசக் கப்பல்களில்தான். இந்தத் தளபாடங்களைப் பற்றி ஆர். எல். புரோஹியர் 1969 இல் ஒரு சிறு நூலே எழுதினார். ஒல்லாந்தருக்கு வேலை செய்தவர்களில் சோழமண்டலக் கரைத் தச்சர்களும் இருந்தார்கள். அந்தக் கரையில் கருங்காலியில் செதுக்கிய கதிரைகள் கப்பலேறி இங்கிலாந்து போய், செய்த இடம் மறந்துபோய், பதினெட்டாம் நூற்றாண்டில் ஹொரஸ் வோல்போல் என்ற எழுத்தாளப் பிரபு அவற்றைத் தம் நாட்டு டியூடர் காலத்துப் பொருள் என்று நம்பித் தேடித்தேடி வாங்கினார். நம் தச்சரின் உளி வேலைக்கு இதைவிடப் பெரிய சான்றிதழை யாரும் கொடுத்ததில்லை. ஆனால் அது வேறு ஆளின் பெயருக்குப் போய்விட்டது. இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கதைதான் திரும்பத் திரும்ப நடக்கிறது.

தெல்லிப்பழைக்கு வருவோம். போர்த்துக்கேயர் எழுப்பி ஒல்லாந்தர் பயன்படுத்திய இவ்வூர்த் தேவாலயத்தின் படம், பல்டேயஸ் பாதிரியார் 1672 இல் வெளியிட்ட நூலில் இருக்கிறது. 1816 இல் அமெரிக்க மிஷனின் டானியல் பூவர் வந்தபோது கட்டடம் பாழடைந்து கிடந்தது. திருத்திக் குடியேறினார்கள். அதே ஆண்டு தொடங்கிய பாடசாலைதான் இன்றைய யூனியன் கல்லூரி. பிற்காலத்தில் மிஷன் இங்கே ஆசிரியர் பயிற்சியோடு கைத்தொழிற் பயிற்சியும் நடத்தியது, அச்சகமும் இருந்தது. ஜோன் மார்ட்டினின் ‘யாழ்ப்பாணக் குறிப்புகள்’ என்ற நூல் 1923 இல் அச்சேறியது அந்த அச்சகத்தில்தான். பங்களாவும் பாடசாலையும் வந்தால் மேசை, வாங்கு, அலுமாரி, கதிரை எல்லாம் வேண்டும். கோயில் வாகனமும் தேரும் கதவு நிலையும் செய்துவந்த கைகளுக்குப் புது வேலை வந்தது.

இனிக் கதிரையைக் கவிழ்த்துப் பார்ப்போம்.

சாய்மனைக் கதிரையின் உயிர் இரண்டு நீள் சட்டங்களில் இருக்கிறது. தலைமாட்டில் தொடங்கி முதுகு வழியாக இறங்கி முழங்கால் மடிப்பு வரை ஒரே வளைவாக அவை ஓடும். அந்த வளைவை அகலமான பலகையில் கோடு போட்டு வாளால் அறுத்து எடுக்க வேண்டும். கண்ட பலகையில் அறுத்தால் வளைவின் நடுவில் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, கனமான ஒருவர் தொப்பென்று விழுந்த அன்றைக்கு ‘மடக்’ என்று முறியும். ஆகவே மரக்காலையில் நல்ல தச்சர் பலகையைத் தட்டிப் பார்ப்பதோடு நிற்கமாட்டார்; நார் எந்தப் பக்கம் வளைந்து ஓடுகிறது என்று பார்த்து, கோட்டை அதன் போக்கில் போடுவார். முதிரை கடினம், உளியின் வாயை மழுக்கும், ஆனால் இழைத்தால் பட்டுப்போல் மினுங்கும். வசதி உள்ள வீட்டில் பர்மாத் தேக்கு. கை முட்டினவர்களுக்கு வேம்பு.

பொருத்துகளில் இரும்பு இல்லை. ஒரு சட்டத்தில் துளை, மற்றதில் அதற்கு அளவான நாக்கு, குறுக்கே மர ஆணி. வச்சிரம் தடவுவது உண்டு. ஆனால் வச்சிரத்தை நம்பிப் பொருத்து விடுகிறவன் தச்சனல்லன் என்பது பட்டறைச் சட்டம். மாரியில் மரம் ஊதும், சித்திரை வெயிலில் சுருங்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு இரும்பாணி ஒத்துப்போகாது. துளையைப் பெருப்பித்துக் கழன்றுவிடும். மர ஆணி மரத்தோடு சேர்ந்து ஊதிச் சுருங்கும்.

கைகள் நீளம். நுனியில் அகன்று, தேநீர்க் கோப்பையோ வெற்றிலைத் தட்டமோ வைக்க இடம் தரும். கைக்குக் கீழே ஒளித்து வைத்ததுபோல் இரண்டு பலகைகள். வெளியே திருப்பி விட்டால் அவற்றின்மேல் காலைத் தூக்கிப் போடலாம். இந்த உருவம் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதல்ல. இந்தியா, மலாயா, ஒல்லாந்தரின் ஜாவா என்று வெள்ளைக்காரத் துரைமார் வெக்கையில் கால் நீட்டிக் கிடந்த இடமெல்லாம் இருந்தது. தெற்கே சிங்களத்தில் ஹான்சி புட்டுவ.

பின்னலுக்குத்தான் பொறுமை வேண்டும். சட்டத்தின் ஓரம் நெடுகத் துறப்பணத்தால் ஒரே இடைவெளியில் துளை போட வேண்டும். ஒரு துளை கோணினால் பின்னல் முழுதும் கோணும். பிரம்பு நாரை நனைத்து, முதலில் நெடுக்கு, அதன்மேல் குறுக்கு, மறுபடி நெடுக்கு, மறுபடி குறுக்கு. இந்த நாலாவது ஓட்டத்தில்தான் மேலும் கீழுமாக நுழைத்து இழுப்பது. பிறகு மூலைவாட்டில் ஒன்று, எதிர் மூலைவாட்டில் இன்னொன்று. ஆறு ஓட்டமும் முடிந்தால் எண்கோணக் கண்கள் வரிசையாகத் தெரியும். துளைகளில் முளை அடித்து, ஓரத்தில் அகல நார் வைத்து மறைத்தால் வேலை முடிந்தது. அந்தக் கண்களால் காற்றுப் போகும், முதுகு வேர்க்காது. ஆண்டுகள் போனால் பின்னல் தொய்யும். கதிரையைக் கவிழ்த்துச் சுடுதண்ணீர் ஊற்றி நனைய வைத்துக் காயவிட்டால் மறுபடி இறுகும். அதே சுடுதண்ணீருக்கு இன்னொரு வேலையும் இருந்தது: அந்தத் துளைகளைப்போல் மூட்டைப்பூச்சிக்குப் பிடித்த இடம் வேறு கிடையாது. தாத்தாமார் சாய்மனையில் நெளிந்ததெல்லாம் சிந்தனை வயப்பட்டு என்று நினைக்க வேண்டியதில்லை.

இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்த கதிரையில் யார் இருந்தார்? வீட்டுத் தலைவர். பென்சன்காரர், உபாத்தியாயர், மலாயாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பியவர். அவர் சாய்ந்திருக்க, குத்தகைக்காரர் முற்றத்தில் நிற்பார். பெண்கள் அதில் உட்கார்ந்த வீடுகள் குறைவு. செய்து கொடுத்த தச்சர் கூலியையும் அரிசியையும் வாங்கிக்கொண்டு படலையைத் தாண்டிப் போவார். செய்து முடித்ததும் ஒருமுறை இருந்து பார்த்திருப்பார், அவ்வளவுதான்.

இதைச் சும்மா பழங்கதையாகச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கை என்பது சண்டைக்குரிய பொருளாக இருந்தது. பாடசாலைகளில் சில சாதிப் பிள்ளைகள் நிலத்தில், சில இடங்களில் வெளியே, மற்றவர்கள் வாங்கில். 1920களின் இறுதியில், அரச நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று கல்வித் திணைக்களம் உத்தரவிட்டது. வாலிபர் காங்கிரஸ் அதன் பக்கம் நின்றது. எதிர்த்தவர்கள் மனுப் போட்டார்கள். சில பாடசாலைகளுக்குத் தீ வைத்தார்கள். ஒரு வாங்கில் ஒரு பிள்ளை இருப்பதைப் பொறுக்காமல் பாடசாலையைக் கொளுத்திய ஊர்தான், முதிரையில் இத்தனை நயமான கதிரையும் செய்தது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதத்தான் வேண்டும்.

அதே ஆண்டுகளில் கோப்பன்ஹேகனில் நடந்தது வேறு கதை. தொழிற்சாலைத் தளபாடம் மலிவாக வந்து குவிய, பட்டறைத் தச்சர்களுக்குப் பிழைப்புப் போய்விடும் என்ற பயம் வந்தது. அவர்களது சங்கம் 1927 இல் ஒரு கண்காட்சி வைத்தது. 1966 வரை ஆண்டு தவறாமல் அது நடந்தது. பட்டறைக்காரர்களும் கட்டடக் கலைஞர்களும் சோடி சேர்ந்து புதுக் கதிரையோடு வந்தார்கள். இதற்குப் பின்னால் இருந்த மனிதர் கோர கிளிண்ட். அரச கலைக் கழகத்தில் 1924 இல் தொடங்கிய தளபாடக் கல்விக்குப் பொறுப்பானவர். மாணவருக்கு அவர் கொடுத்த வேலை, பழைய கதிரையைக் கழற்றாத குறையாக அளந்து வரைவது. எகிப்து, சீனா, இங்கிலாந்து எதையும் விடவில்லை. 1933 இல் அவரே செய்த சஃபாரிக் கதிரை எங்கிருந்து வந்தது தெரியுமா? ரூர்க்கியிலிருந்து. இந்தியாவில் பிரிட்டிஷ் பொறியியற் படைப் பிரிவு இருந்த அந்த ஊரின் பெயரால், கழற்றிக் கட்டிக் கொண்டுபோகக்கூடிய இராணுவக் கதிரை ஒன்று இருந்தது. பசையும் ஆணியும் இல்லாமல், கூம்பிய நுனிகள் துளைக்குள் செருகி நிற்பது. மேடுபள்ளத் தரையில் நாலு காலும் தானாக வளைந்து கொடுத்து ஊன்றும். ஆள் இருக்க இருக்கப் பொருத்து இறுகும். கிளிண்ட் அதை எடுத்துத் திருத்தி டென்மார்க்குக்குக் கொடுத்தார். களவு என்று சொல்லமாட்டேன். அளந்து படித்தவனுக்குச் சொந்தம் என்பதுதான் கைத்தொழிலின் நியாயம். ஆனால் நாம் அளக்கவில்லை.

கிளிண்ட் போட்ட வழியில் வந்தவர்களில் ஹான்ஸ் வெக்னரை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1914 இல் ட்யோனர் என்ற எல்லைப்புறச் சிற்றூரில் செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்து, பதினாலு வயதில் தச்சுப் பட்டறையில் சேர்ந்தவர். 1949 கண்காட்சிக்கு அவர் வரைந்து ஜொஹானஸ் ஹான்சன் பட்டறை செய்த வட்டக் கதிரையில், முதுகும் இரு கைகளும் ஒரே கோடாகச் சுற்றி வரும். அந்த வளைவு ஒரே மரத்தில் வராது. துண்டுகளை ஒட்டித்தான் ஆக வேண்டும். முதலில் அந்தப் பொருத்தை மறைக்க முதுகைப் பிரம்பால் சுற்றினார்கள். இருக்கையும் பிரம்புப் பின்னல்தான். பிறகு வெக்னர் மனம் மாறி, விரல்களைக் கோத்ததுபோன்ற பொருத்தைச் செய்து, சுற்றியிருந்த பிரம்பை நீக்கி, எல்லாரும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார். அந்தக் கதிரைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அதுதான். 1960 செப்டெம்பர் 26 இல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் விவாதித்தபோது அவர்களுக்குப் போட்டிருந்தது இந்தக் கதிரை.

இந்த டேனிஷ் கதிரைகளுக்கான தேக்கும் அங்கே முளைத்த மரமல்ல. 1897 இல் எச். என். அண்டர்சன் தொடங்கிய டேனிஷ் கிழக்காசியக் கம்பெனிக்கு சியாம் காட்டில் தேக்கு வெட்டும் உரிமை இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த மரம் டென்மார்க்கில் தாராளமாகக் கிடைத்தது. தேக்குக்குள் மணற்சத்து இருப்பதால் இயந்திர வாள்கள் சீக்கிரம் மழுங்கின; கார்பைடு முனை வைத்த வெட்டுக் கருவிகள் வந்த பிறகுதான் தொழிற்சாலைகள் அதைப் பெருமளவில் கையாண்டன. சியாமின் மரம், கிழக்கின் பிரம்பு, ரூர்க்கியின் பொருத்து. சேர்த்துக் கூட்டினால் அந்தக் கதிரை ஒருவகையில் நம் பக்கத்து உறவு.

ஆனால் கவிழ்த்துப் பாருங்கள். ஃபின் யூல் வரைந்து நீல்ஸ் வொடர் பட்டறை செய்த கதிரையின் அடியில் சூட்டுமுத்திரை இருக்கும்: பட்டறைக்காரரின் பெயர், ஊர், வரைந்தவரின் பெயர். இரண்டு பெயரும். இன்றைக்கு ஏலத்தில் அந்தக் கதிரை கொள்ளை விலை போவது மரத்துக்காக மட்டுமல்ல, அந்த முத்திரைக்காகவும்தான். நம் சாய்மனைகளில் பெயர் இருந்தால் அது வீட்டுக்காரரின் முதலெழுத்து. செய்தவர் பெயரைப் பொறித்த ஒன்றை நான் கண்டதில்லை. பிறந்த சாதியே தொழிலின் பெயராக இருந்த இடத்தில் தனியாள் பெயருக்குத் தேவை ஏற்படவில்லை.

டென்மார்க்கில் இன்னொன்றும் நடந்தது. எஃப்.டி.பி. என்ற கூட்டுறவுச் சங்கம் 1942 இல் தனக்கென்று தளபாட வரைபகம் தொடங்கி, பொர்கே மொகன்சனைப் பொறுப்பாக வைத்தது. 1947 இல் அவர் செய்த ஜே39 சாதாரணக் குடும்பத்துக்கான கதிரை; பின்னல் இருக்கை, நேரான கால்கள், அலங்காரம் ஒன்றும் இல்லை. கூட்டுறவு என்றால் யாழ்ப்பாணத்துக்குத் தெரியாததா? மூளாயில் 1930களிலேயே கூட்டுறவு வைத்தியசாலை கட்டியவர்கள் நாம். சங்கக் கடையில் அரிசியும் சீனியும் விற்றோம். நல்ல கதிரை எல்லா வீட்டுக்கும் போக வேண்டும் என்ற யோசனை மட்டும் வரவில்லை.

அளந்து பார்க்கும் வழக்கம் இலங்கைக்கு வந்ததும் ஒரு டேனியர் கையோடுதான். உல்ரிக் பிளெஸ்னர், அதே கோப்பன்ஹேகன் கழகத்தில் படித்த கட்டடக் கலைஞர், 1958 இல் கண்டிக்கு வந்து மினெட் டி சில்வாவோடு வேலை செய்தார். பிறகு கொழும்பில் ஜெஃப்ரி பாவாவோடு 1967 வரை. ஐரோப்பிய மோஸ்தரை விட்டு விறாந்தைக்கும் முற்றத்துக்கும் ஓட்டுக் கூரைக்கும் இந்நாட்டுக் கட்டடக் கலை திரும்பிய காலம் அது. பாபரா சன்சோனி, லக்கி சேனநாயக்க போன்றவர்கள் தீவின் பழைய கட்டடங்களை அளந்தும் வரைந்தும் திரிந்தார்கள். அந்த வேலைதான் பல ஆண்டு கழித்துப் புத்தகமானது. ஒல்லாந்தர் காலக் கதிரைகள் கொழும்பு வீடுகளின் வரவேற்பறைக்குத் திரும்பி வந்தன. யாழ்ப்பாணத்துச் சாய்மனை அந்தக் கணக்கில் சேரவில்லை. இங்கே நாம் ஃபோர்மைக்கா மேசைக்கும் இரும்புக் கதிரைக்கும் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகு 1990. ஜூன் மாதத்தில் போர் மூள, தெல்லிப்பழை உட்பட வலிகாமம் வடக்கு முழுதும் வீட்டை விட்டுக் கிளம்பியது. தெல்லிப்பழையின் பெரும்பகுதி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. கையில் எடுத்தது சைக்கிள், ஆவணங்கள், ஒரு பை உடுப்பு. சாய்மனைக் கதிரையை யாரும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. போருக்குப் பிறகு துண்டு துண்டாகக் காணி விடுபட்டுத் திரும்பியவர்கள் கண்டது கூரை இல்லாத சுவர்கள். கதவு, யன்னல், தீராந்தி ஒன்றும் இல்லை. மரம் என்று பேர்பட்ட எல்லாம் போயிருந்தது. காங்கேசன்துறை ரயில் 2015 ஜனவரியில் மறுபடி தெல்லிப்பழையைக் கடந்து ஓடியபோது, பாதையின் இருபுறமும் அந்தச் சுவர்களைப் பார்க்க முடிந்தது.

அதற்கு முன்னரே நாட்டை விட்டுக் கிளம்பியவர்களில் சிலர் டென்மார்க் வரை போயிருந்தார்கள். 1983 க்குப் பிறகு அங்கே போய்ச் சேர்ந்த ஈழத்தமிழருக்குப் பெரும்பாலும் யூட்லாந்துப் பக்கத்துச் சிற்றூர்கள் வீடாயின. ஹேர்னிங்கில் பிள்ளையாரும் பிரண்டேயில் அபிராமி அம்மனும் கோயில் கொண்டார்கள். அங்கே போன தமிழரின் மனைவி மக்களை வரவிடாமல் 1987 இல் விண்ணப்பங்களை நிறுத்தி வைத்தார் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன். அது ‘தமிழர் வழக்கு’ என்று பேராகி, 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஸ்லூட்டரே பதவி விலகினார். 1995 இல் அமைச்சர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. தரங்கம்பாடியில் இருநூறு ஆண்டுக்கு மேல் இருந்துவிட்டுப் போன நாட்டின் அரசைத் தமிழர் பெயர் கொண்ட ஒரு வழக்கு கவிழ்த்தது. அந்த ஆண்டுகளில் தேக்குத் தளபாடத்துக்கு அங்கே மவுசு இல்லை. பழைய சாமான் கடைகளில் சில குரோனருக்குக் கிடந்தது. புதிதாக வந்த அகதிக் குடும்பம் குறைந்த காசில் வாங்கக்கூடிய கதிரை அதுதான்.

இனி ஊரில் மிஞ்சியவற்றின் கணக்கு. வலயத்துக்கு வெளியே இருந்த வீடுகளிலும், இடம்பெயர்ந்தபோது முன்கூட்டியே உறவினர் வீட்டுக்கு அனுப்பி வைத்தவையுமாகச் சில சாய்மனைகள் இன்னும் இருக்கின்றன. பின்னல் கிழிந்த இடத்தில் நைலோன் நாடா கட்டியவை, பச்சைப் பெயின்ற் அடித்தவை, கால் பலகை ஒன்று தொலைந்தவை. வாசகரில் யாரிடமாவது இருந்தால் ஒரு கடதாசியில் இவற்றை எழுதி அனுப்புங்கள்: நிலத்திலிருந்து முன்சட்டத்தின் உயரம், தலைமாட்டிலிருந்து முழங்கால் மடிப்பு வரை சட்டத்தின் நீளம், கையின் நீளமும் நுனி அகலமும், பிரம்புத் துளைகளுக்கு இடையில் உள்ள தூரம், என்ன மரம். கவிழ்த்து வைத்துப் படம் எடுத்தால் நல்லது. பெயின்ற் அடித்திருந்தால் சுரண்ட வேண்டாம். செய்தவரின் பெயர் வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருந்தால் அதை முதலில் எழுதுங்கள்.

அடுத்த அத்தியாயம் குத்துவிளக்கு.

(தொடரும்)